எழுத்தாகக் கிடக்கும் எண்கள்: வாசகர் கேள்வி–பதில்

கண்ணுக்கு எண்ணாகத் தெரிகிறது, மென்பொருளுக்கு எழுத்தாக இருக்கிறது, கூட்டவும் முடியவில்லை, சராசரி எடுக்கவும் முடியவில்லை. இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவையே. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி அச்சிட்டிருக்கிறோம். கணினியில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஆர் மென்பொருளில் மாத வருமான நெடுவரிசைக்கு 'ஆஸ்.நியூமெரிக்' போட்டேன். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆனால் சராசரி வருமானம் 143 ரூபாய் என்கிறது. தரவில் ஆயிரத்துக்குக் கீழே யாருமே இல்லையே?
*ஆய்வு மாணவி, திருச்சிராப்பள்ளி*

உங்கள் நெடுவரிசை எழுத்து வகையில்கூட இல்லை. 'ஃபேக்டர்' வகையில் இருக்கிறது. எழுத்து வகையாக இருந்திருந்தால், மாற்ற முடியாத மதிப்புகளுக்கு ஆர் எச்சரிக்கை தந்திருக்கும். ஃபேக்டரில் மாற்ற முடியாதது என்று எதுவும் கிடையாது. அதனால்தான் சத்தமே வரவில்லை.

ஃபேக்டர் என்பது இரண்டு அடுக்கு. மேலடுக்கில் நீங்கள் பார்க்கும் பெயர்கள். கீழடுக்கில் 1, 2, 3 என்ற வரிசை எண்கள். 'ஆஸ்.நியூமெரிக்' எடுத்துத் தருவது கீழடுக்கை. நான்கு மதிப்புகளை வைத்துப் பாருங்கள்: 250, 1200, 80, 950. எழுத்தாக அடுக்கினால் 1200 முதலில் வரும், பிறகு 250, 80, 950. ஆக 1200-க்கு 1, 250-க்கு 2, 80-க்கு 3, 950-க்கு 4. உண்மையான சராசரி 620. உங்களுக்குக் கிடைப்பது 2.5. உங்கள் தரவில் வெவ்வேறான வருமான மதிப்புகள் சில நூறு இருந்திருக்கும், அதனால் 143.

சரிசெய்ய, முதலில் 'ஆஸ்.கேரக்டர்' கொண்டு எழுத்தாக்கி, அதன்மேல் 'ஆஸ்.நியூமெரிக்' போடுங்கள். தரவு மிகப் பெரிதென்றால், 'லெவல்ஸ்' பட்டியலை மட்டும் எண்ணாக்கி, அந்தப் பட்டியலிலிருந்து ஃபேக்டரை வைத்தே சதுர அடைப்புக்குறிக்குள் எடுப்பது வேகமானது. இரண்டும் ஒரே விடையைத் தரும்.

ஆர் 4.0.0 பதிப்பு 2020 ஏப்ரலில் வந்தபோது, 'ரீட்.சிஎஸ்வி' எழுத்து நெடுவரிசைகளைத் தானாக ஃபேக்டராக்கும் பழக்கம் நின்றது. ஆனாலும் பழைய பாடக்குறிப்பிலிருந்து எடுத்த நிரல், பழைய ஆர் கோப்பில் சேமித்த தரவு, மதிப்புப் பெயர்களோடு கொண்டுவரப்பட்ட எஸ்பிஎஸ்எஸ் கோப்பு ஆகிய வழிகளில் இன்றும் ஃபேக்டர்கள் நுழைகின்றன. தரவைத் திறந்ததும் 'எஸ்டிஆர்' கட்டளையால் ஒவ்வொரு நெடுவரிசையின் வகையையும் பார்த்துவிடுங்கள். மாற்றிய பிறகு, மிகப் பெரிய மதிப்பும் வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தால் இந்தக் கோளாறுதான் என்று சந்தேகப்படலாம்.

ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கும் இதே பள்ளம் உண்டு; அங்கே அதன் பெயர் 'என்கோட்'. எண்கள் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தால் 'என்கோட்' போடக்கூடாது. அது 'ஆண்', 'பெண்' போன்ற வகைப்பெயர்களுக்கு உரியது. எண்களுக்கு 'டீஸ்ட்ரிங்' அல்லது 'ரியல்' சார்பு. யாரோ ஏற்கெனவே என்கோட் செய்து கொடுத்துவிட்டால், 'டிகோட்' செய்து எழுத்தை மீட்டு, பிறகு டீஸ்ட்ரிங் செய்யுங்கள்.

ஸ்டேட்டாவில் டீஸ்ட்ரிங் போட்டால் எண் அல்லாத எழுத்துகள் இருக்கின்றன, மாற்ற முடியாது என்கிறது. 'ஃபோர்ஸ்' சேர்த்தால் மாறிவிடுகிறது. அப்படியே தொடரலாமா?
*சமூகப்பணித் துறை ஆசிரியர், மதுரை*

வேண்டாம். ஃபோர்ஸ் என்பது படிக்க முடியாத ஒவ்வொன்றையும் விடுபட்ட மதிப்பாக்கி, அங்கே என்ன இருந்தது என்பதையும் அழித்துவிடும். 'ரீப்ளேஸ்' என்பதோடு சேர்த்துப் போட்டிருந்தால் பழைய எழுத்து நெடுவரிசையும் போயிற்று.

ஸ்டேட்டா மறுத்தது நல்லதுக்கே. அந்த மறுப்பை உங்கள் தரவைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில், 'ரியல்' சார்பு விடுபட்டது என்று தருகிற, ஆனால் எழுத்து காலியாக இல்லாத வரிசைகளை மட்டும் 'டேபுலேட்' செய்யுங்கள்: நிபந்தனையில் மிஸ்ஸிங்(ரியல்(வருமானம்)) என்பதையும், வருமானம் வெற்றுச் சரமல்ல என்பதையும் சேர்த்தால் போதும். ஆயிரக்கணக்கான வரிசைகள் இருந்தாலும், வெவ்வேறான பிரச்சினைகள் பெரும்பாலும் பத்துப் பதினைந்துதான் இருக்கும். நம் களக்கணக்கெடுப்புகளில் திரும்பத் திரும்ப வருபவை இவை: 2,50,000 என்ற காற்புள்ளி, 500/- என்ற பின்னொட்டு, பூச்சியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ', ஒன்றுக்குப் பதில் ஆங்கிலச் சிறிய 'எல்', 12..5 போன்ற இரட்டைப் புள்ளி, வெறும் கோடு, 'தெரியாது', 'சொல்ல மறுத்தார்', 'பொருந்தாது', 5000–6000 என்ற வீச்சு.

ஒவ்வொன்றுக்கும் தனி முடிவு தேவை. காற்புள்ளியை டீஸ்ட்ரிங்கின் 'இக்னோர்' விருப்பத்தில் தாராளமாகச் சேர்க்கலாம். கோட்டை அங்கே சேர்க்கவே கூடாது. சேர்த்தால் 5000-6000 என்பது 50006000 ஆகும். கடன் நெடுவரிசையில் -4000 என்பது 4000 ஆகும். புள்ளியைச் சேர்த்தால் 12.5 என்பது 125 ஆகும். இக்னோர் எந்த எழுத்தை எந்த இடத்தில் கண்டாலும் நீக்கும். எதற்காக அது அங்கே இருக்கிறது என்று பார்க்காது. 500/- போன்றவற்றுக்கு, கடைசி இரண்டு எழுத்துகளும் சாய்கோடும் கோடுமாக இருந்தால் மட்டும் வெட்டும் தனி வரி எழுதுங்கள். வீச்சுகளுக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு நெடுவரிசை. நடுமதிப்பு எடுப்பதா என்பதைப் பகுப்பாய்வின்போது தீர்மானிக்கலாம்.

'தெரியாது', 'சொல்ல மறுத்தார்' இரண்டையும் ஒரே விடுபட்ட மதிப்பாக்குவது பெரிய இழப்பு. வருமானத்தைச் சொல்ல மறுத்தவர்கள் தெரியாதவர்களைப் போன்றவர்கள் அல்லர். ஸ்டேட்டாவில் சாதாரணப் புள்ளியோடு, .ஏ முதல் .இசட் வரை 26 வகை விடுபட்ட மதிப்புகள் உண்டு. மறுப்புக்கு ஒன்று, தெரியாததற்கு ஒன்று, பொருந்தாததற்கு ஒன்று என்று ஒதுக்குங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. படிவத்திலேயே 'தெரியாது' என்பதற்கு 998, மறுப்புக்கு 999 என்று குறியீடு கொடுத்திருந்தால், அவை எந்த எதிர்ப்பும் இல்லாமல் எண்ணாகிவிடும். சத்தமில்லாமல் சராசரியைக் கெடுப்பவை இவையே. மாற்றிய உடனே 'எம்வி டிகோட்' கட்டளையால் இவற்றை .ஏ, .பி என்று ஆக்கிவிடுங்கள்.

இன்னொன்று. ஸ்டேட்டாவில் விடுபட்ட மதிப்பு எல்லா எண்களையும்விடப் பெரியது. 'வருமானம் 50000-க்கு மேல்' என்று நிபந்தனை போட்டால், வருமானம் தெரியாத அத்தனை குடும்பங்களும் பணக்காரப் பிரிவில் சேர்ந்துவிடும். ஃபோர்ஸ் போட்டு மாற்றிய தரவில் இது நடந்தால், 'தெரியாது' என்று சொன்ன கூலித் தொழிலாளி உங்கள் ஆய்வில் உயர் வருமானக்காரர். 'இதற்கு மேல்' என்ற நிபந்தனை எதிலும் 'மிஸ்ஸிங் அல்ல' என்பதையும் சேர்த்தே எழுதப் பழகுங்கள். சாஸ் மென்பொருளில் நேர் எதிர். அங்கே விடுபட்டது எல்லாவற்றையும்விடச் சிறியது, ஆகவே 'இதற்குக் கீழ்' என்ற நிபந்தனைகளில் கவனம் வேண்டும்.

பைத்தான் நிரல்மொழியின் தரவுத் தொகுப்பான பாண்டாஸில் 'டூ நியூமெரிக்' கட்டளைக்கு 'எரர்ஸ்' என்பதில் 'கோயெர்ஸ்' கொடுப்பதும் ஃபோர்ஸின் உடன்பிறப்பே. அதைப் புதிய பெயரில் ஒரு நெடுவரிசையாக வாங்கி, புதியது விடுபட்டும் பழையது விடுபடாமலும் இருக்கும் வரிசைகளை 'வேல்யூ கவுன்ட்ஸ்' கொண்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பழையதைத் தொட வேண்டும்.

பட்டா விவரங்களிலிருந்து நிலப் பரப்பைத் தொகுத்தேன். எண்ணாக மாற்றிய பிறகு ஒரே கிராமத்தில் சிறு விவசாயிகளுக்கு 40 ஹெக்டேர், 60 ஹெக்டேர் என்று வருகிறது. எங்கே பிசகு?
*வேளாண் பொருளியல் மாணவர், தஞ்சாவூர்*

கோட்டை நீக்கியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர்–ஏர் என்ற இரண்டு அலகுகளில் எழுதப்படுகிறது. 0-40.50 என்றால் 0 ஹெக்டேர், 40.50 ஏர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஆகவே இது 0.4050 ஹெக்டேர், ஏறத்தாழ ஒரு ஏக்கர். எண் அல்லாத எழுத்துகளை எல்லாம் நீக்கும் வழியில் போனால் 040.50 மிஞ்சும், அது 40.5 ஹெக்டேராகப் படிக்கப்படும். சரியாக நூறு மடங்கு.

வழி இதுதான். கோட்டில் இரண்டாகப் பிரியுங்கள்: ஸ்டேட்டாவில் 'ஸ்ப்ளிட்' கட்டளைக்குப் 'பார்ஸ்' விருப்பமாகக் கோட்டைக் கொடுங்கள், ஆரில் 'ஸ்ட்ர்ஸ்ப்ளிட்'. இரு பகுதியையும் தனித்தனியே எண்ணாக்கி, முதல் பகுதியோடு இரண்டாம் பகுதியை 100-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். கோட்டைப் புள்ளியாக மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றும். 0-40.50 இரண்டு புள்ளி பெற்று மாறாமல் நின்றுவிடும், அது நல்லதே. ஆனால் 1-4 என்று எழுதப்பட்டிருந்தால் 1.4 ஆகிவிடும். உண்மை 1.04. பிழைச் செய்தி வராது.

பிறகு சோதனை. ஏர் பகுதி 100 அல்லது அதற்கு மேல் இருக்கும் வரிசைகளைப் பட்டியலிடுங்கள். அவை தட்டச்சுப் பிழை அல்லது அலகு மாறியவை. கோடே இல்லாத வரிசைகளையும் தனியே எடுங்கள். தட்டச்சு செய்தவர் கோட்டுக்குப் பதில் நீண்ட கோடு போட்டிருக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இந்தக் கோடுகள் கணினிக்கு வெவ்வேறு எழுத்துகள். பிரிப்பதற்கு முன் எல்லாவற்றையும் சாதாரணக் கோடாக்கிவிட வேண்டும்.

விவசாயியிடம் நேரில் கேட்டு எழுதிய பரப்பு ஏக்கர்–சென்ட் கணக்கில் இருக்கும். 100 சென்ட் ஒரு ஏக்கர். ஒரு ஏக்கர் 0.4047 ஹெக்டேர். '2 ஏக்கர் 35 சென்ட்' என்று முழுதாக எழுதியிருந்தால் சிக்கலில்லை: 2.35 ஏக்கர், 0.951 ஹெக்டேர். சிக்கல் '2.5' என்று எழுதப்பட்ட இடத்தில். சிலர் இரண்டரை ஏக்கரை அப்படி எழுதுவார்கள். சிலர் 2 ஏக்கர் 5 சென்ட்டை. இவை எழுத்தாக இருக்கும்வரை உங்களுக்குத் துப்பு இருக்கிறது. ஒரே கணக்கெடுப்பாளர் மற்ற இடங்களில் 2.50 என்று இரண்டு இலக்கம் எழுதுபவரா, 2.05 என்று எழுதுபவரா, புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் மட்டும் எத்தனை இடத்தில் இருக்கிறது என்றெல்லாம் பார்க்கலாம். எண்ணாக்கிய கணமே 2.5-ம் 2.50-ம் ஒன்றாகிவிடும், பிறகு எந்த நிரலாலும் பிரிக்க முடியாது. ஆகவே புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களின் எண்ணிக்கையை ஒரு தனி நெடுவரிசையாக முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, கணக்கெடுப்பாளர் வாரியாக அட்டவணை போட்டுப் பாருங்கள். இந்த ஒரு வேலைக்காகவாவது மூல எழுத்து நெடுவரிசையை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

'ரூ.500', 'ரூ. 1,200', '1.5 லட்சம்' எல்லாம் கலந்து கிடக்கும் நெடுவரிசையை எண்ணாக்க எளிய வழி உண்டா?
*சிறுதொழில் கணக்காளர், திருப்பூர்*

பலரும் பரிந்துரைக்கும் எளிய வழி, இலக்கங்களையும் புள்ளியையும் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்குவது. ஆரில் 'ஜிசப்' கட்டளைக்கு [^0-9.] என்ற வடிவத்தைக் கொடுப்பார்கள். உங்கள் தரவில் அது தவறும். 'ரூ.500' என்பதில் 'ரூ' போய் .500 மிஞ்சும், அது 0.5 ரூபாய். 'ரூ. 1,200' என்பது .1200 ஆகி 0.12 ரூபாய் ஆகும். '1.5 லட்சம்' வெறும் 1.5.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் 'லட்சம்', 'கோடி', 'ஆயிரம்' என்ற சொற்கள் உள்ளனவா என்று பார்த்து, பெருக்கெண் என்ற புதிய நெடுவரிசையில் 100000, 10000000, 1000 என்று குறியுங்கள். எதுவும் இல்லையென்றால் 1. 'லட்சம்', 'இலட்சம்', 'லட்ச' எல்லாம் இருக்கும். 'லட்ச' என்ற பகுதியைத் தேடினால் மூன்றும் அகப்படும். குறித்த பிறகு அந்தச் சொல்லை முழுதாக நீக்கிவிடுங்கள். அடுத்து, தொடக்கத்திலுள்ள 'ரூ' என்பதை அதன் புள்ளியோடும் இடைவெளியோடும் சேர்த்தே நீக்குங்கள். ₹ குறியும் அப்படியே. மூன்றாவதாகக் காற்புள்ளி. நான்காவதாக, மீதமிருப்பது முழுவதும் வெறும் இலக்கங்களாகவோ இலக்கம்–புள்ளி–இலக்கம் என்ற வடிவிலோ இருக்கிறதா என்று சோதியுங்கள். தேறியவற்றை மட்டும் எண்ணாக்கிப் பெருக்கெண்ணால் பெருக்குங்கள். தேறாதவற்றைக் கண்ணால் பாருங்கள். இப்படி, வேண்டாததைப் பெயர் சொல்லி நீக்குவது கொஞ்சம் நீளமான நிரல்தான். ஆனால் தெரியாத வடிவம் ஒன்று வந்தால் அது தடுத்து நிறுத்தும். எல்லாவற்றையும் துடைக்கும் நிரல் அதையும் விழுங்கி ஓர் எண்ணைக் கொடுத்துவிடும்.

காற்புள்ளியை நாம் ஆயிரத்துக்கு மேல் இரண்டிரண்டு இலக்கமாகப் போடுகிறோம், மேல்நாட்டார் மும்மூன்றாக. நீக்கும்போது இந்த வேறுபாடு பொருட்டல்ல.

எங்கள் தரவில் 1 234,56 என்று எழுதியிருக்கிறார்கள். காற்புள்ளியை நீக்கினால் நூறு மடங்காகிறது. இடைவெளியை நீக்கினாலும் போகவில்லை.
*வாசகர், பாரிஸ்*

பிரெஞ்சு வழக்கில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. முதலில் ஆயிரப் பிரிப்பானை நீக்கி, பிறகு காற்புள்ளியைப் புள்ளியாக மாற்றுங்கள். ஆரில் 'ரீட்.சிஎஸ்வி2' தசமக் காற்புள்ளியையும் அரைப்புள்ளிப் பிரிப்பையும் எதிர்பார்த்தே படிக்கும். ஸ்டேட்டாவின் டீஸ்ட்ரிங்கில் 'டிபிகாமா' என்ற விருப்பம் இருக்கிறது.

போகாத இடைவெளி, சாதாரண இடைவெளி அல்ல. வரி உடையாமல் காக்கும் சிறப்பு இடைவெளி: யூனிகோடில் 00ஏ0, அல்லது பிரெஞ்சு அச்சுமுறையின் குறுகிய 202எஃப். ஆரின் 'டிரிம்டபிள்யூஎஸ்' இயல்பாக இவற்றைத் தொடாது. இரண்டையும் குறியெண் சொல்லித் தனியே நீக்குங்கள். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய அட்டவணைகளிலும் 00ஏ0 அடிக்கடி வரும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் எண் மாற மறுத்தால், அந்தச் சரத்தின் நீளத்தை எண்ணுங்கள். '450' என்பதற்கு நீளம் 4 என்று வந்தால் ஒளிந்திருப்பது இதுதான். அதேபோல் அச்சு நேர்த்திக்காக இடப்படும் 2212 என்ற கழித்தல் குறியையும் சாதாரணக் கோடாக மாற்ற வேண்டியிருக்கும்.

குடும்ப அடையாள எண்ணை எண்ணாக மாற்றியதும் இரண்டு கோப்புகள் இணைய மறுக்கின்றன. சில எண்கள் இரட்டையாகவும் வருகின்றன.
*கணக்கெடுப்பு மேற்பார்வையாளர், விழுப்புரம்*

அடையாள எண்ணை எண்ணாக்கவே வேண்டாம். கூட்டவோ சராசரி எடுக்கவோ போகாத எதுவும் எழுத்தாகவே இருக்கட்டும்: அடையாள எண், தொலைபேசி, வங்கிக் கணக்கு, அஞ்சல் குறியீடு, மாநில–மாவட்டக் குறியீடு.

எண்ணாக்கினால் முதலில் போவது முன்பூச்சியம். கொழும்பு 1-இன் அஞ்சல் குறியீடு 00100, எண்ணாக்கினால் 100. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் குறியீடு 33 என்பதால் நாம் தப்பிக்கிறோம். 02 என்ற இமாசலப் பிரதேசமும் 09 என்ற உத்தரப் பிரதேசமும் ஒரு கோப்பில் '09' ஆகவும் இன்னொன்றில் '9' ஆகவும் நின்று இணைய மறுக்கும்.

உங்கள் இரட்டைகளுக்குக் காரணம் வேறு. ஸ்டேட்டாவில் 'ஜெனரேட்' கட்டளை, வகை சொல்லாவிட்டால், 'ஃப்ளோட்' வகையில் சேமிக்கும். ஃப்ளோட்டால் 1,67,77,216 வரைதான் எல்லா முழு எண்களையும் பிசகாமல் வைத்திருக்க முடியும். 4-இல் தொடங்கும் 12 இலக்க எண் ஒன்றை அதில் வைத்தால், அடுத்தடுத்துச் சேமிக்கக்கூடிய மதிப்புகளுக்கு இடையே 32,768 இடைவெளி. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே எண்ணில் வந்து விழும். டீஸ்ட்ரிங் இயல்பாக 'டபுள்' வகையில் மாற்றுவதால் அதில் இது நேராது. 'ஜெனரேட்' போட்டு 'ரியல்' சார்பால் மாற்றும்போதுதான் நேரும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் 'ஜெனரேட் டபுள்' என்று எழுதுங்கள்.

டபுளுக்கும் எல்லை உண்டு: 9,00,71,99,25,47,40,992. அதாவது 15 இலக்கம்வரை கவலையில்லை. எக்ஸெல்லும் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும். ஆரின் 'இன்டிஜர்' வகை 2,14,74,83,647-க்கு மேல் போகாது. 10 இலக்கக் கைபேசி எண்ணை 'ஆஸ்.இன்டிஜர்' செய்தால் என்ஏ, அதாவது விடுபட்ட மதிப்புதான் வரும்.

ஆரில் இன்னொரு வியப்பு இருக்கிறது. 100000 என்ற எண்ணை மறுபடி எழுத்தாக்கினால் '1e+05' என்று வரும். 100001 சரியாக வரும். இப்படி ஒரே ஒரு குறியீடு மட்டும் இணையாமல் போனால் காரணம் தேடித் தலை சுற்றும். எதிர்த்திசையிலும் உண்டு: '12E3' போன்ற வீட்டுக் குறியீட்டை எண்ணாக்கினால் 12000.

படிக்கும்போதே தடுப்பதே நல்லது. ஆரின் 'ரீட்.சிஎஸ்வி'யில் 'கால்கிளாசஸ்' என்பதற்குக் 'கேரக்டர்', பாண்டாஸின் 'ரீட் சிஎஸ்வி'யில் 'டிடைப்' என்பதற்கு 'எஸ்டிஆர்', ஸ்டேட்டாவின் 'இம்போர்ட் டிலிமிடெட்' கட்டளையில் 'ஸ்ட்ரிங்கால்ஸ்'. எல்லாவற்றையும் எழுத்தாகப் படித்து, தேவையானதை மட்டும் பார்த்துப் பார்த்து எண்ணாக்கும் பழக்கத்தையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

சர்வே எண் 12/3 என்று இருந்தது தேதியாக மாறிவிட்டது. எண்ணாக்கினால் 45 ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. மீட்க முடியுமா?
*கிராமத் தரவுத் தொகுப்பாளர், தேனி*

எக்ஸெல் தேதியை, 1900 ஜனவரி 1-ஐ 1 என்று கொண்டு எண்ணிய நாள் எண்ணாகச் சேமிக்கிறது. 2023 ஜனவரி 1 என்பது 44927. 1900-ஐத் தவறாக லீப் ஆண்டாக அது எண்ணுவதால், ஆரில் 'ஆஸ்.டேட்' போடும்போது தொடக்க நாளாக 1899-12-30 கொடுக்க வேண்டும். கிடைக்கும் தேதியின் நாளும் மாதமும்தான் உங்கள் சர்வே எண்ணும் உட்பிரிவும்.

எது நாள், எது மாதம் என்பது தட்டச்சு செய்த கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. இந்திய அமைப்பில் 12/3 மார்ச் 12. அமெரிக்க அமைப்பில் டிசம்பர் 3. அதே கோப்பில் 12/3ஏ, 45/2 போன்று மாறாமல் தப்பியவை இருந்தால் மூலக் காகிதத்தோடு ஒப்பிட்டு அமைப்பைக் கண்டுபிடியுங்கள். பல கணினிகளில் தட்டச்சு செய்து சேர்த்த கோப்பு என்றால், மீட்காமல் மூலத்திலிருந்து மறுபடி தட்டுவதே நேர்மையானது. இனி தட்டுவதற்கு முன் அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்றிப் பயனில்லை.

மரபணு ஆய்வாளர்களையும் இது வாட்டியது. மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுக் குறியீடுகள் தேதியாக மாறிக்கொண்டே இருந்ததால், 2020-இல் பெயரிடும் குழுவே அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிவிட்டது.

திருப்தி அளவுகோலை 'என்கோட்' செய்தேன். திருப்தி கூடக்கூட எண் கூடவில்லை.
*மேலாண்மை மாணவி, சென்னை*

என்கோட் அகரவரிசைப்படி எண் தரும். உங்கள் ஐந்து விடைகளுக்கு அது தந்தது: அதிருப்தி 1, திருப்தி 2, நடுநிலை 3, மிகவும் அதிருப்தி 4, மிகவும் திருப்தி 5. முதலில் 'லேபிள் டிஃபைன்' கொண்டு மிகவும் அதிருப்தி 1 முதல் மிகவும் திருப்தி 5 வரை நீங்களே வரையறுத்து, அந்த லேபிளின் பெயரை என்கோடுக்குக் கொடுங்கள். 'நோஎக்ஸ்டெண்ட்' சேர்த்தால் வரையறைக்கு வெளியே ஒரு விடை இருந்தாலும் நிறுத்திவிடும். ஆரின் 'ஃபேக்டர்' கட்டளை அப்படி நிறுத்தாது. 'லெவல்ஸ்' பட்டியலில் இல்லாததைச் சத்தமின்றி என்ஏ ஆக்கும், ஆகவே முன்னும் பின்னும் என்ஏ-க்களை எண்ணுங்கள்.

தமிழ் விடைகளுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல்: 'பொருந்தாது' என்பதன் 'பொ'வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும், கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுத முடியும். திரையில் வேறுபாடே தெரியாது. அட்டவணையில் ஒரே சொல் இரண்டு வரிசையாக வரும். ஸ்டேட்டாவில் 'யுஸ்ட்ர்நார்மலைஸ்', பைத்தானில் 'யூனிகோட்டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்', இரண்டிலும் ஒரே குறியாகச் சேர்த்தெழுதும் 'என்எஃப்சி' வடிவம் கேளுங்கள்.

பழைய பதிவேட்டைத் தமிழ் இலக்கங்களோடு தட்டச்சு செய்திருக்கிறார்கள். நேரடியாக எண்ணாகுமா?
*ஆவண ஆய்வாளர், கும்பகோணம்*

பைத்தானின் 'இன்ட்', 'ஃப்ளோட்' இரண்டும் ௧௨௩ என்பதை 123 என்று ஏற்கும். ஆரின் 'ஆஸ்.நியூமெரிக்' ஏற்காது, 'சார்டிஆர்' கட்டளையில் ௦௧௨௩௪௫௬௭௮௯ என்பதை 0123456789 ஆக மாற்றச் சொல்லிவிட்டு எண்ணாக்குங்கள். ஆனால் பதிவேட்டில் ௰, ௱, ௲ வந்திருந்தால் அது இடமதிப்பு முறையல்ல. ௨௱௩௰௫ என்பது 235. இவற்றைப் பைத்தானும் ஏற்காது. ௲, ௱, ௰ என்ற வரிசையில் பிரித்து, முன்னுள்ள இலக்கத்தால் பெருக்கி, முன்னால் இலக்கம் இல்லாவிட்டால் 1 என்று கொண்டு கூட்டும் சிறு சார்பு எழுத வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு முறையும் கலந்திருக்கக்கூடும் என்பதால், இந்த மூன்று குறிகளில் ஒன்றாவது உள்ள வரிசைகளை முதலில் தனியே பிரித்துக்கொள்ளுங்கள்.

நீர்ப் பரிசோதனை முடிவில் '<0.05' என்று வந்ததைப் பூச்சியமாக்கலாமா?
*சுற்றுச்சூழல் பொறியாளர், ஈரோடு*

கூடாது, விடுபட்டதாக்கவும் கூடாது. கருவியால் கண்டறியக்கூடிய எல்லைக்குக் கீழே இருக்கிறது என்ற தகவல் அதில் இருக்கிறது. இரண்டு நெடுவரிசையாக்குங்கள்: ஒன்றில் 0.05 என்ற எண், மற்றதில் 'எல்லைக்குக் கீழ்' என்பதற்கு 1, இல்லையேல் 0. எல்லை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் என்பதால் எண்ணையும் வைத்திருப்பது அவசியம். இடப்பக்கம் தணிக்கையான, அதாவது ஓர் எல்லைக்குக் கீழே என்று மட்டும் தெரிந்த தரவுக்குரிய முறைகள் இந்த இரண்டு நெடுவரிசைகளைத்தான் கேட்கும். ஆரின் 'சர்வைவல்' தொகுப்பிலுள்ள 'சர்வ்' சார்பில் வகையை 'லெஃப்ட்' என்று கொடுக்கலாம். ஆனால் அது நிகழ்வைத்தான் 1 என்று எதிர்பார்க்கும். அதாவது அளக்கப்பட்ட மதிப்புக்கு 1, எல்லைக்குக் கீழ் என்றால் 0. உங்கள் குறியீட்டைத் திருப்பிப் போட்டுக் கொடுங்கள். எல்லையில் பாதியை இட்டு நிரப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிப்பட்ட வரிசைகள் கணிசமாக இருந்தால் சராசரியும் பரவலும் அந்தப் பாதியையே பிரதிபலிக்கும்.

சாஸில் '1234' என்பது 12.34 ஆகிறது.
*மருந்தியல் தரவு அலுவலர், பெங்களூரு*

'இன்புட்' சார்பில் 8.2 என்ற இன்ஃபார்மேட், அதாவது படிக்கும் வடிவம் கொடுத்திருப்பீர்கள். சரத்தில் புள்ளி இல்லாவிட்டால், கடைசி இரண்டு இலக்கத்தைத் தசமமாகக் கொள் என்பதே அதன் பொருள். 8. என்று மட்டும் கொடுங்கள். சரத்தில் புள்ளி இருந்தால் அதை அதுவே மதிக்கும். காற்புள்ளியும் டாலர் குறியும் இருந்தால் 'காமா12.' பொருந்தும்.

பாண்டாஸில் வயது நெடுவரிசை 34.0, 41.0 என்று வருகிறது.
*மென்பொருள் பயிற்சியாளர், யாழ்ப்பாணம்*

இடையில் விடுபட்ட மதிப்பு ஒன்று இருக்கிறது. பாண்டாஸின் வழக்கமான முழு எண் வகைக்கு விடுபட்டதை வைத்துக்கொள்ளத் தெரியாது. அதனால் நெடுவரிசை முழுவதும் தசம வகையாகிறது. 'ஆஸ்டைப்' கொண்டு 'இன்ட்64' வகைக்கு மாற்றுங்கள். முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், சிறியதாக இருந்தால் பழைய வகையே என்பதால் பிழை தரும். வயது என்பதால் இது தோற்றப் பிரச்சினை மட்டுமே. ஒரு குறியீட்டு நெடுவரிசை இப்படி ஆகி, பிறகு எழுத்தாக்கப்பட்டால் '34.0' என்று நின்று எதோடும் இணையாது.